சின்னக் கிளி, 15 வருடப் பொறுப்பு: காக்கடீல் வளர்க்கும் வீட்டில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல். சாம்பல் நிற உடல், மஞ்சள் முகம், தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு வைத்தது போன்ற ஒரு குட்டிக் கிளி. லேப்டாப் கீபோர்டில் ஏறி நின்று விசில் அடிக்கிறது. முப்பதே விநாடி. பார்த்து முடிப்பதற்குள் 'நாமும் ஒண்ணு வாங்கலாமே' என்று தோன்றிவிடும்.

தோன்றுவதில் தப்பில்லை. நாய் வளர்க்க ஹவுஸ் ஓனர் ஒத்துக்கொள்ள மாட்டார். பூனை என்றாலே அம்மா முகம் சுளிப்பார். கிளி என்றால் ஒரு மூலையில் கூண்டு, கொஞ்சம் தினை, ஒரு கிண்ணம் தண்ணீர், அவ்வளவுதானே என்று நினைப்போம். ஆனால், அந்த முப்பது விநாடி போக மீதி நாள் எப்படிப் போகும் என்பது ரீலில் வராது.

வேளச்சேரியிலோ, கோவை சரவணம்பட்டியிலோ ஒரு டூ பெட்ரூம் ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஹாலில் ஒரு கூண்டு. அதில் ஒரே ஒரு காக்கடீல். அந்த வீட்டில் காலை முதல் இரவு வரை என்னவெல்லாம் நடக்கும்? விடிவதற்கு முன்பு இரண்டு அடிப்படை விஷயங்களைப் பார்த்துவிடலாம்.

எந்தக் கிளி, யார் இது?

கடைகளில் 'காக்டெயில்' என்று சொல்லி விற்பதுதான் காக்கடீல். சொந்த ஊர் ஆஸ்திரேலியா. காக்கட்டூ குடும்பத்திலேயே மிகச் சின்னது இதுதான். எடை 80 முதல் 100 கிராம் வரை இருக்கும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 வருடம் வாழும்.

நம்மூரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று ஜோடியாக வாங்கி வருவோமே, பச்சை, நீலம், மஞ்சள் நிறங்களில், கழுத்தில் கோடு கோடாக? அவை உண்மையில் லவ் பேர்ட்ஸ் இல்லை. பட்ஜரிகர் அல்லது பட்ஜி என்ற இன்னொரு ஆஸ்திரேலியக் கிளி. எடை 30, 40 கிராம்தான். ஆயுள் 5 முதல் 10 வருடம். நிஜமான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. குட்டை வாலும் தடித்த அலகுமாகப் பார்த்ததுமே வித்தியாசம் தெரியும்.

சின்னதாக இருப்பதால் 'சிட்டுக்குருவி மாதிரி' என்று நினைத்துவிட வேண்டாம். இவை எல்லாமே கிளி இனம்தான். கிளிக்குரிய புத்தியும் பிடிவாதமும் சத்தமும் இவற்றுக்கும் உண்டு.

வீட்டில் வளர்ப்பது சட்டப்படி சரியா?

காக்கடீல், பட்ஜி இரண்டையும் வளர்க்கத் தடையில்லை. ஆனால், 'கிளி' என்றதும் நம் மனதில் வருவது இவை அல்ல. மதுரை மீனாட்சி கையிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையிலும் இருக்கும் பச்சைக்கிளிதான். அந்தப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது குற்றம். கழுத்தில் ரோஜா நிற வளையம் கொண்ட செந்தார்ப் பைங்கிளி, அதைவிடப் பெரிய மலைக்கிளி எல்லாமே 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பிடிப்பது, விற்பது, வாங்குவது, கூண்டில் வைத்திருப்பது எதற்கும் அனுமதி இல்லை. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கப்படலாம்.

2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் கடலூரில் வேட்பாளர் ஒருவருக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்த கிளியை வனத்துறை பறிமுதல் செய்தது நினைவிருக்கும். ஜோசியக் கிளிக்கும் இதே சட்டம்தான். 'எங்க தாத்தா காலத்துலேர்ந்து வளர்க்கிறோம்' என்பது விதிவிலக்கு ஆகாது. வீட்டில் பச்சைக்கிளி இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைப்பதே வழி.

சரி, வெளிநாட்டுக் கிளி என்றால் எல்லாமே ஓகேவா? அதுவும் இல்லை. சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள சன் கான்யூர், ஆப்பிரிக்கன் கிரே, மக்காவ் போன்றவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, பறவை கைக்கு வந்த 30 நாட்களுக்குள் பதிவு முடிந்திருக்க வேண்டும். காக்கடீலும் பட்ஜியும் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் பதிவும் தேவையில்லை. முதல்முறை கிளி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம்.

காலை 6 மணி: அலாரம் வேண்டாம்

விடிந்ததும் முதல் குரல் ஹாலில் இருந்துதான் வரும். ஆண் காக்கடீல் என்றால் நீளமாக விசில் அடிக்கும். பெண் கொஞ்சம் அமைதி. ஆனால், இரண்டுமே விடிந்ததும் ஒருமுறை, பொழுது சாயும்போது ஒருமுறை கத்தத்தான் செய்யும்.

ஏன் கத்துகிறது? ஆஸ்திரேலியாவின் வறண்ட சமவெளிகளில் காக்கடீல்கள் கூட்டமாகத் திரிபவை. இரை தேடும்போது ஒன்றை ஒன்று பார்க்க முடியாமல் போகலாம். அப்போது 'நான் இங்கே இருக்கேன், நீ எங்கே?' என்று ஒரு குரல் கொடுக்கும். பதில் வந்தால் நிம்மதி. வரவில்லை என்றால் இன்னும் பலமாகக் கேட்கும்.

ஃபிளாட்டில் அதற்குக் கூட்டம் என்று இருப்பது நீங்கள் மட்டும்தான். நீங்கள் பல் தேய்க்கப் பாத்ரூமுக்குள் போனால்கூட, கூட்டம் கண்ணைவிட்டு மறைந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அதனால்தான் கத்துகிறது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் கிளி வளர்ப்பில் பாதி புரிந்துவிடும். அதன் பயம், கோபம், கடி, நோய் எல்லாமே கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்கும்.

கத்தும்போது ஓடிப் போய் 'ஏய், சும்மா இரு' என்று அதட்டினால் என்ன ஆகும்? 'கத்தினால் ஆள் வருகிறார்' என்று கற்றுக்கொள்ளும். கூண்டைத் துணியால் மூடினால் பயம்தான் கூடும். எளிய வழி, இருக்கும் இடத்தில் இருந்தே ஒரு சின்ன விசில் பதிலாகக் கொடுப்பது. அதுவும் கிளி மெதுவாகக் கூப்பிடும்போது. நாளடைவில் மெதுவான குரலுக்குத்தான் பதில் வரும் என்று அதுவே பழகிக்கொள்ளும்.

கிளிகளின் குரலில் 'பெயர்' கூட இருக்கலாம் என்பது தெரியுமா? வெனிசுவேலாவில் வாழும் ஒரு குட்டிக் கிளி இனத்தை ஆராய்ந்தவர்கள், தாய் தந்தைக் கிளிகள் ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்தனி அழைப்பொலியைக் கற்றுத்தருவதை 2011-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். நாம் பெயர் வைத்துக் கூப்பிடுவதைப் போலத்தான்.

பேச்சு வருமா என்பது அடுத்த கேள்வி. ஆண் பட்ஜிகள் நன்றாகப் பேசும். அமெரிக்காவில் 'பக்' என்ற ஒரு பட்ஜி 1,728 சொற்கள் தெரிந்து வைத்திருந்ததாகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. காக்கடீலுக்குப் பேச்சைவிட விசில்தான் வரும். செல்போன் ரிங்டோன், காலிங் பெல், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் எல்லாம் கற்றுக்கொள்ளும். 'பேசும்' என்று நம்பி வாங்கி, பேசவில்லையே என்று சலித்துக்கொள்வது அதன் தப்பில்லை.

காலை 7.30: சமையலறையில் இருக்கும் ஆபத்து

பறவையின் நுரையீரல் நம்முடையதைப் போல வேலை செய்வதில்லை. உடலுக்குள் இருக்கும் காற்றுப்பைகள் வழியாகக் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரலுக்குப் புதுக் காற்று கிடைக்கும். பறக்க இவ்வளவு சக்தி கிடைப்பது அதனால்தான். அதே காரணத்தால், காற்றில் விஷம் இருந்தால் முதலில் பாதிக்கப்படுவதும் பறவைதான். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவைக் கண்டுபிடிக்க கேனரி பறவைகளை 1986 வரை வைத்திருந்தது இதற்காகத்தான்.

இதை நம் சமையலறைக்குக் கொண்டுவந்து பாருங்கள். நான்-ஸ்டிக் தவாவை அடுப்பில் வைத்துவிட்டு, ஒரு போன் கால் வந்தது என்று நகர்கிறீர்கள். காலித் தவா 260 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடானால், அதன் பூச்சில் இருந்து வரும் புகைக்கு நிறமும் இருக்காது, பெரிதாக வாசனையும் இருக்காது. நமக்கு ஒன்றும் தெரியாது. ஹாலில் இருக்கும் கிளி சில நிமிடங்களில் இறந்துபோகலாம். இதற்கு முறிவு மருந்து கிடையாது. கிளி இருக்கும் வீட்டில் இரும்புத் தோசைக்கல்லுக்கும் எவர்சில்வர் கடாய்க்கும் திரும்புவதுதான் ஒரே பாதுகாப்பு. ஏர் ஃப்ரையர், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றிலும் இதே பூச்சு இருக்கலாம்.

அதோடு நிற்கவில்லை. கொசுவர்த்தி, கொசு லிக்விட், ரூம் ஸ்பிரே, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, ஊதுபத்தி, மிளகாய் தாளிக்கும் நெடி எல்லாமே கிளிக்கு ஆபத்துதான். போகி அன்று தெருவே புகையாக இருக்கும். அன்று ஜன்னலைச் சாத்தி, சமையலறையில் இருந்து தள்ளியிருக்கும் அறையில் கிளியை வைப்பது நல்லது. கொசுவுக்கு ஜன்னலில் வலை அடிப்பதே போதும்.

தட்டில் என்ன வைப்பது?

'தினை போட்டாப் போதும், தம்பி' என்பார் கடைக்காரர். போதாது. வெறும் விதை மட்டும் தின்று வளரும் கிளிக்கு வைட்டமின் ஏ குறையும், கல்லீரலில் கொழுப்பு சேரும். குறிப்பாகச் சூரியகாந்தி விதை. கிளிக்கு அது நமக்குச் சிப்ஸ் மாதிரி. எவ்வளவு வைத்தாலும் தின்னும். பயிற்சி கொடுக்கும்போது பரிசாக ஒன்றிரண்டு கொடுத்தால் போதும்.

கிளிகளுக்கான பெல்லட் உணவு, அதனுடன் அளவாக விதை, தினமும் ஏதாவது ஒரு கீரையோ காயோ என்பது நல்ல கலவை. முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட் துருவல், குடைமிளகாய், வேகவைத்த மக்காச்சோளம் எல்லாம் நம் வீட்டிலேயே இருப்பவை. பச்சை மிளகாயும் கொடுக்கலாம். காரம் என்பதை நமக்கு உணர்த்தும் நரம்பு வாசல், பறவைகளில் அந்தக் காரப்பொருளுக்குத் திறப்பதில்லை. கிளி மிளகாயை ஆப்பிள் மாதிரி கடித்துத் தின்பதன் ரகசியம் இதுதான். கால்சியத்துக்குக் கணவாய் ஓட்டை கூண்டில் மாட்டிவிடலாம். நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேட்டால் கொடுப்பார்கள்.

கொடுக்கவே கூடாதவை: அவகாடோ, சாக்லேட், காபி, டீ, மது, வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை, உப்புப் போட்ட நொறுக்குத்தீனி. 'ஒரு வாய்தானே' என்று பாசத்தில் ஊட்டும்போது ஒன்றை நினைத்துப் பாருங்கள். சாப்பிடுவது 90 கிராம் உடம்பு. நமக்கு ஒரு வாய் என்பது அதற்கு ஒரு பந்தி.

காலை 9 முதல் மாலை 7 வரை: பத்து மணி நேரத் தனிமை

இருவரும் ஆபீஸ் கிளம்பியாகிவிட்டது. கதவு சாத்தப்படுகிறது. இங்கேதான் சின்னக் கிளி வளர்ப்பின் உண்மையான சிக்கல் தொடங்குகிறது.

கூட்டமாக வாழும் பறவை தனியாக இருப்பதை 'ஓய்வு' என்று எடுத்துக்கொள்வதில்லை. காட்டில் கூட்டத்தைவிட்டுப் பிரிந்த பறவை என்றால் வேட்டையாடப்படப் போகும் பறவை என்று பொருள். தினமும் பல மணி நேரம் வெறுமையாகக் கிடக்கும் கிளிகளில் சில ஓயாமல் கத்தத் தொடங்கும். சில ஒரே இடத்தில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். சில தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். ஒருமுறை இறகு பிடுங்கும் பழக்கம் வந்துவிட்டால் அதை நிறுத்துவது ரொம்பக் கஷ்டம்.

சுவிட்சர்லாந்தில் 2008-ல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டன. பட்ஜி, காக்கடீல் போன்ற கூட்டமாக வாழும் பறவைகளை அங்கே தனியாக வளர்க்க முடியாது. குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

நம்மூரில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனால், காரணம் ஒன்றுதான். வீட்டில் பகல் முழுக்க யாருமே இருக்க மாட்டார்கள் என்றால், இரண்டு பறவைகளாக வளர்ப்பதுதான் நியாயம். 'ஜோடியா வாங்கினா நம்மகிட்ட பழகாதே' என்பது பலரின் கவலை. கொஞ்சம் நிஜம்தான். நம் மேலேயே ஒட்டிக்கொண்டு திரியாது. ஆனால், பொறுமையாகப் பழக்கினால் இரண்டுமே கைக்கு வரும். நமக்கு வேண்டியது பொம்மையா, சந்தோஷமாக இருக்கும் ஒரு பறவையா என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

தாத்தா, பாட்டி பகலில் வீட்டில் இருந்தால், அல்லது ஒருவருக்கு ஒர்க் ஃப்ரம் ஹோம் என்றால், ஒற்றைக் கிளியையும் சமாளிக்கலாம். அப்போதும் அதற்கு வேலை கொடுக்க வேண்டும். உணவைக் கிண்ணத்தில் கொட்டாமல், காகிதத்தில் சுருட்டியோ, கீரைக் கட்டுக்குள் ஒளித்தோ வைத்தால் தேடித் தின்னும். கடித்துக் குதற தென்னை ஓலை, கொய்யாக் கிளை, வேப்பங்குச்சி வைக்கலாம்.

கூண்டு பெரியதாக இருக்க வேண்டும். குறைந்தபட்சம் இரண்டு இறக்கையையும் முழுதாக விரித்துத் திரும்பும் அளவு. உயரத்தைவிட அகலம் முக்கியம். ஏனென்றால், கிளி ஹெலிகாப்டர் மாதிரி நேராக மேலே போவதில்லை. பக்கவாட்டில்தான் பறக்கும். வட்டக் கூண்டு பார்க்க அழகு, பறவைக்கு ஒதுங்க மூலை கிடையாது.

கூண்டை எங்கே வைப்பது? கத்தரி வெயிலில் பால்கனி கூடாது. அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, இறக்கையை உடம்பில் இருந்து விலக்கி வைத்திருந்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். ஏசி காற்று நேராகப் படும் இடமும் வேண்டாம்.

மாலை 7 மணி: கூண்டுக்கு வெளியே

சாவி திரும்பும் சத்தம் கேட்டதும் உள்ளே இருந்து விசில் வரும். பத்து மணி நேரமாகக் காத்திருந்த குரல். நீங்கள் சோர்ந்து போய் வந்திருப்பீர்கள். அதற்கு இப்போதுதான் நாள் தொடங்குகிறது. தினமும் சில மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே பறக்கவும் நடக்கவும் விட வேண்டும்.

கதவைத் திறப்பதற்கு முன் ஒரு செக்லிஸ்ட்: மின்விசிறி நின்றுவிட்டதா? ஜன்னலும் பால்கனிக் கதவும் சாத்தியிருக்கிறதா? அடுப்பு அணைந்திருக்கிறதா? பக்கெட்டும் கமோடும் மூடியிருக்கிறதா? நம் வீடுகளில் மின்விசிறிதான் பறவையின் பெரிய எதிரி. சுற்றும் இறக்கை அதன் கண்ணுக்கு ஆபத்தாகத் தெரியாது. 'கிளி வெளியே இருந்தா ஃபேன் ஓடாது' என்பது வீட்டின் விதியாக இருக்கட்டும். வியர்த்தாலும் பரவாயில்லை.

'அதான் இறக்கையை வெட்டிடலாமே' என்பார்கள் சிலர். வெட்டிய இறகு அடுத்த இறகு உதிர்வில் வளர்ந்துவிடும். வளர்ந்ததை நாம் கவனிக்காத ஒருநாள், திறந்த கதவு வழியாகப் போய்விடும். பறக்கத் தெரியாமல் வளர்ந்த பறவை கீழே விழுந்து நெஞ்செலும்பில் அடிபடவும் செய்யும். பறக்க விட்டு, கூப்பிட்டால் கைக்கு வரப் பழக்குவதுதான் மேல்.

வெளியே பறந்துபோனால் 'சுதந்திரமாப் பொழைச்சுக்கும்' என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியா தன் காட்டுப் பறவைகளை விற்பனைக்கு அனுப்புவதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டது. நம்மூரில் விற்கப்படுபவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவை. இரை தேடத் தெரியாது. காக்கையிடம் இருந்து தப்பிக்கவும் தெரியாது.

பழகும்போது அதன் கொண்டையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நேராக நிமிர்ந்து நின்றால் திகைப்பு அல்லது ஆர்வம். லேசாகப் பின்னால் சாய்ந்திருந்தால் நிம்மதி. தலையோடு ஒட்டிப் படுத்து, 'ஸ்ஸ்' என்று சீறினால் கிட்டே வராதே என்று அர்த்தம். அதற்கும் மேல் கையை நீட்டினால் கடிக்கும். கடித்தது திமிர் இல்லை. சொல்லிப் பார்த்தது, நாம்தான் கேட்கவில்லை.

தடவிக் கொடுப்பதிலும் எல்லை உண்டு. தலை, கழுத்து, கன்னம் மட்டும் போதும். முதுகையும் வாலடியையும் தடவினால் அதை இணை சேரும் அழைப்பாக எடுத்துக்கொள்ளும். பெண் காக்கடீல் ஆண் துணையே இல்லாமல்கூட முட்டை இடும். தொடர்ந்து இட்டால் உடம்பில் கால்சியம் வற்றி, முட்டை வெளியே வராமல் சிக்கி உயிருக்கே ஆபத்தாகும். சோபாவுக்கு அடியில், அலமாரிக்குள், பெட்டிக்குள் என்று இருட்டான பொந்து தேடிப் போக ஆரம்பித்தால் அதைத் தடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, தூசி. காக்கடீலின் இறகில் இருந்து வெள்ளைப் பவுடர் உதிர்ந்துகொண்டே இருக்கும். கறுப்பு டிவி ஸ்டாண்டில் மறுநாளே தெரியும். வீட்டில் ஆஸ்துமா இருப்பவர்கள் வாங்கும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

இரவு: 'பயம்' என்று ஒரு நோய்

கிளிக்கு 10 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஹாலில் நள்ளிரவு வரை வெப் சீரிஸ் ஓடினால் அதற்குத் தூக்கம் இல்லை. அடுத்த நாள் எரிச்சல், கடி. இரவுக்கு அமைதியான ஓர் அறைக்குக் கூண்டை மாற்றுவது நல்லது.

காக்கடீல்களுக்கே உரிய ஒரு பிரச்சினையும் உண்டு. நடு ராத்திரியில் பல்லி ஓடினாலோ, பட்டாசு வெடித்தாலோ, திடீர் வெளிச்சம் பட்டாலோ இருட்டில் பயந்து கூண்டுக்குள் தாறுமாறாக அடித்துக்கொள்ளும். வளரும் இறகு முறிந்து ரத்தம்கூட வரலாம். அப்போது கையை உள்ளே விடாதீர்கள். விளக்கைப் போட்டு, மெதுவாகப் பேசினால் போதும். உங்கள் குரல் கேட்டால் அடங்கும். சின்ன நைட் லேம்ப் ஒன்று எப்போதும் எரிந்தால் இது பெரும்பாலும் வராது. தீபாவளி இரவில் மட்டும் யாராவது பக்கத்திலேயே இருங்கள்.

நோய் வந்தால் எப்படித் தெரியும்?

தெரியாது என்பதுதான் பிரச்சினை. காட்டில் பலவீனமாகத் தெரியும் பறவையைத்தான் பருந்து முதலில் குறிவைக்கும். அதனால், கிளிகள் நோயை மறைக்கும். 'நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தது' என்று கிளியை இழந்தவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். நேற்று வரைக்கும் அது மறைத்துக்கொண்டிருந்தது.

இதற்கு ஒரு எளிய கருவி இருக்கிறது. சமையலறை டிஜிட்டல் தராசு. வாரம் இரண்டு மூன்று முறையாவது ஒரே நேரத்தில் எடை பார்த்து மொபைலில் குறித்து வையுங்கள். 90 கிராம் கிளி 9 கிராம் குறைந்தால், அது 70 கிலோ ஆள் 7 கிலோ இளைத்ததற்குச் சமம். கண்ணுக்குத் தெரியாததைத் தராசு காட்டிக்கொடுக்கும்.

எச்சத்தையும் கவனியுங்கள். பச்சையோ பழுப்போ ஒரு பகுதி, வெள்ளையாக ஒரு பகுதி, கொஞ்சம் நீர் என மூன்றும் இருப்பது இயல்பு. நிறமோ அளவோ ஒரு நாளுக்கு மேல் மாறியிருந்தால் சந்தேகப்படுங்கள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு பகலிலும் தூங்குவது, கூண்டின் தரையில் உட்கார்ந்துகொள்வது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது இவை அவசர நிலை. 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பதற்கு நேரம் இருக்காது.

டாக்டர் யார் என்பதை, கிளி வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்து வையுங்கள். நாய், பூனை பார்க்கும் கிளினிக் எல்லாவற்றிலும் பறவை பார்க்க மாட்டார்கள். சென்னையில் வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒரு வழி. மற்ற ஊர்களில் பறவை பார்க்கும் கால்நடை மருத்துவர் எங்கே என்று விசாரித்து, நம்பரை போனில் சேமித்து வைக்க வேண்டும்.

நமக்கும் ஒரு எச்சரிக்கை. காய்ந்த எச்சத்தூசி வழியாகச் சில நேரம் கிளியிடம் இருந்து மனிதருக்கு 'சிட்டகோசிஸ்' என்ற பாக்டீரியாத் தொற்று வரலாம். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் என்று சாதாரணக் காய்ச்சலைப் போலவே தொடங்கும். மருந்து கொடுத்தால் குணமாகும். டாக்டரிடம் 'வீட்டுல கிளி இருக்கு' என்ற ஒரு வரியைச் சொல்ல மறக்கக் கூடாது, அவ்வளவுதான். கூண்டை ஈரத்துணியால் துடையுங்கள். உலர்ந்த எச்சத்தைச் சுரண்டிப் பறக்க விடாதீர்கள்.

வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய ஐந்து கேள்விகள்

1. இன்னும் 15 வருடம் கழித்து எங்கே இருப்பேன்? 25 வயதில் வாங்கினால், 40 வயதிலும் அது இருக்கும். நடுவில் கல்யாணம், குழந்தை, ஆன்சைட், வீடு மாற்றம் எல்லாம் வரும்.

2. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? நாலு நாள் தண்ணீரும் தினையும் வைத்துவிட்டுப் போக முடியாது. அதற்குத் தெரிந்த ஒருவர் தினமும் வர வேண்டும்.

3. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? யாரும் இல்லை என்றால் இரண்டு பறவை, பெரிய கூண்டு.

4. எங்கே வாங்குகிறேன்? செல்லப்பிராணி விற்பனைக் கடைகள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று 2018-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சந்தையில் கூட்டமாக அடைத்து விற்கும் பறவைகளில் நோய் பரவியிருக்க வாய்ப்பு அதிகம். 'கையில ஊட்டி வளர்த்தா நல்லாப் பழகும்' என்று தானாகத் தின்னத் தெரியாத குஞ்சைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். உணவின் சூடு கொஞ்சம் கூடினால் இரைப்பை வெந்துவிடும். மூச்சுக்குழாயில் போனால் உயிர் போய்விடும். தானாகச் சாப்பிடும் பறவையையே வாங்குங்கள்.

5. செலவு எவ்வளவு? பறவையின் விலை சில நூறுகளிலோ சில ஆயிரங்களிலோ முடிந்துவிடும். கூண்டு அதைவிட அதிகம் ஆகலாம். அவசர சிகிச்சை என்று ஒருமுறை வந்தால் இரண்டையும் தாண்டலாம்.

'எனக்கு இது சரிவராது' என்று தோன்றினால்?

அதுவும் நல்ல முடிவுதான். தப்பாக வாங்கிவிட்டு, ஆறு மாதத்தில் 'யாராவது எடுத்துக்கறீங்களா?' என்று வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதைவிட நூறு மடங்கு மேல். கூட்டம் மாறும்போதெல்லாம் கிளிக்கு அது ஒரு இழப்பு.

கிளிமேல் ஆசை, ஆனால் கூண்டு வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. சென்னை ராயப்பேட்டையில் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் வருடக்கணக்கில் அரிசி வைத்ததில், ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகள் காலையும் மாலையும் வந்து தின்றுவிட்டுப் போயின. அந்த அளவுக்கு வேண்டாம். உங்கள் மாடியில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்தாலே சில நாட்களில் யாராவது வருவார்கள். பச்சைக்கிளியே வரலாம். அதைப் பிடிக்கக் கூடாது, பார்க்கலாம்.

வாங்குவது என்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். நாளைக் காலை ஆறு மணிக்கு ஹாலில் இருந்து 'நீ எங்கே?' என்று ஒரு குரல் வரும். அதற்கு அடுத்த 15 வருடமும் பதில் சொல்ல ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும்.